ஸ்ட்ராபோவின் பூகோளம்: கண்டதும் கேட்டதும்

தேசங்களைப் பற்றி எழுதப் புகுகிறவன் அவற்றையெல்லாம் தன் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டுமா, அன்றிக் கண்டவர்களின் கூற்றை ஆராய்ந்து கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளும் விவேகம் ஒன்றே அவனுக்குப் போதுமா என்பது, பூகோள சாஸ்திரம் தோன்றிய நாள்தொட்டு இருந்துவரும் வினா. பண்டைக் காலத்தில் இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் உழைப்பையே விடையாகத் தந்தவர், ஆசியா மைனரில் பிறந்து, அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு ரோமச் சக்கரவர்த்திகளின் காலத்தில் வாழ்ந்த ஸ்ட்ராபோ என்னும் கிரேக்க அறிஞர். அவர் இயற்றிய பூகோளம் 17 பாகங்களைக் கொண்டது. ஏழாம் பாகத்தின் இறுதிப் பகுதி நீங்கலாக ஏறக்குறைய முழுமையும் அழியாமல் நம் கைக்கு வந்திருக்கிறது. மேற்கே ஐபீரியாவின் முனையிலிருந்து கிழக்கே கங்கை வரையிலும், வடக்கே பிரிட்டனிலிருந்து தெற்கே இலவங்கம் விளைவதாகக் கருதப்பட்ட ஆப்பிரிக்கக் கடற்கரை வரையிலும், அக்காலத்து மேலை உலகத்தார் அறிந்திருந்த பூமி முழுவதையும் ஒரே நூலுக்குள் அடக்கிக் காட்டும் கிரந்தம் அதைப்போல் மற்றொன்று அந்த யுகத்திலிருந்து எஞ்சவில்லை.

இத்தகைய நூலைப் பற்றிய அபிப்பிராயங்களோ ஒன்றுக்கொன்று முரணானவை. பைசாந்தியப் புலவர்கள் அவர் பெயரைச் சொல்லவும் வேண்டாமென்று கருதி, 'பூகோளர்' என்ற பட்டத்தாலேயே அவரைக் குறித்தனர். பிற்கால விமர்சகர் சிலரோ, அவர் பிறர் நூல்களைத் தொகுத்தவரேயன்றிப் புதிதாக எதையும் கண்டறிந்தவர் அல்லர் என்றும், பிரயாணி என்னும் பெயருக்கே அவர் தகுதியுடையவரா என்பது ஐயம் என்றும் கூறினர். இவ்விரு தரப்பையும் சீர்தூக்கி, ஸ்ட்ராபோ எவற்றைக் கண்டார், எவற்றைக் கேட்டார், கேட்டவற்றுள் எவற்றை எந்த அளவுகோலால் நம்பினார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

கருங்கடலின் தென்கரையை அடுத்த பாண்டஸ் நாட்டில், அமசேயா என்னும் நகரில், கி.மு. 64ஆம் ஆண்டையொட்டி ஸ்ட்ராபோ பிறந்தார். ரோமரை நெடுங்காலம் எதிர்த்துப் போராடிய மித்ரிதாதிஸ் மன்னனின் இராச்சியம் முறியடிக்கப்பட்டு, ரோமச் சேனாபதி பாம்பேயின் ஏற்பாட்டால் ரோம ஆதிக்கத்தின் கீழ் வந்த காலம் அது. அவருடைய தாய்வழி முன்னோர் அம்மன்னர் குலத்தின் சேவையில் சேனாபதிகளாகவும் அதிகாரிகளாகவும் விளங்கியவர்கள். பின்னர் அவர்களுள் ஒருவரே மன்னனை வெறுத்து, 15 கோட்டைகளை ரோமர் பக்கம் திருப்பிவிட்டவர் என்பதை ஸ்ட்ராபோவே எழுதிவைத்திருக்கிறார். கிரேக்க மொழியைத் தாய்மொழியாகவும், கீழை நாட்டு அரச குலத்தின் நினைவைக் குடும்பச் சொத்தாகவும், ரோம ஆட்சியைத் தவிர்க்க முடியாத உண்மையாகவும் கொண்டு வளர்ந்த இம்மனிதர், உலகத்தை உயர்ந்த இடத்திலிருந்தே, அதிகாரிகளும் அறிஞர்களும் காணும் கோணத்திலிருந்தே, பார்க்கப் பழகினார் என்பதை நாம் மறத்தலாகாது. அவருடைய நூலின் சிறப்பையும் குறையையும் விளங்கிக்கொள்ள இக்குறிப்பு மிகவும் தேவைப்படும்.

செல்வக் குடும்பத்துப் பிள்ளையாதலின் அவருக்குச் சிறந்த ஆசிரியர்கள் வாய்த்தனர். நைசா நகரில் முதியவரான அரிஸ்டோடீமஸிடம் இலக்கணமும் அணி நூலும் பயின்றார். ரோமாபுரி சென்ற பின்னர், அமிசஸ் நகரத்து டிரானியனிடம் கற்றார். அரிஸ்டாட்டிலின் நூல்கள் ஸ்கெப்ஸிஸ் என்னும் ஊரில் நிலத்தடியில் புதைந்து செல்லரித்துக் கிடந்து, பிறகு ஒருவரிடம் விலைபோய், ஏதென்ஸைக் கைப்பற்றிய ரோமச் சேனாபதி சுல்லாவால் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டபோது அவற்றைக் கையாளும் வாய்ப்புப் பெற்றவர் இந்த டிரானியனே; அந்நூல்களின் வரலாற்றை இன்று நாம் விரிவாக அறிவதும் ஸ்ட்ராபோவின் எழுத்தினாலேயாம். தத்துவத்தில் அரிஸ்டாட்டிலின் மரபைப் பயின்றவராயினும், நாளடைவில் ஸ்டோயிக் மதத்தையே தமக்குரியதாகக் கொண்டார். பூகோளத்தைத் தொடுமுன், முந்தைய கிரேக்கச் சரித்திராசிரியராகிய பாலிபியஸ் விட்ட இடத்திலிருந்து தொடங்கி நாற்பதுக்கும் மேற்பட்ட பாகங்களில் ஒரு சரித்திரம் எழுதி முடித்தார். அது சிற்சில துணுக்குகள் தவிர முற்றும் அழிந்துபோயிற்று.

யாத்திரைகள்

தம் யாத்திரைகளின் எல்லையை ஸ்ட்ராபோ பெருமிதத்தோடு வரையறுக்கிறார். மேற்கு நோக்கி ஆர்மீனியாவிலிருந்து சார்டினியாத் தீவுக்கு எதிரிலுள்ள டிரேனியக் கரை வரையிலும், தெற்கு நோக்கிக் கருங்கடலிலிருந்து எத்தியோப்பியாவின் எல்லை வரையிலும் தாம் சென்றிருப்பதாகவும், பூகோளம் எழுதியவர்களுள் தம்மைக் காட்டிலும் மிகுதியாக இத்தூரங்களைக் கடந்தவர் எவரும் இலர் என்றும் கூறுகிறார். ஒரு திசையில் தம்மை விஞ்சியவர் மறு திசையில் தமக்குப் பின்தங்கியவராகவே இருப்பர் என்பது அவர் வாதம். ஆயினும் இவ்வெல்லைகள் ஒரு பெரிய சட்டகத்தின் நான்கு விளிம்புகளே; அதனுள் அவர் கண்ட இடங்கள் சிதறிக் கிடக்கும் புள்ளிகளே.

அவர் நேரிற் கண்ட இடங்களைப் பற்றிய வருணனைகளுக்குத் தனி ஒளி உண்டு. பிறந்த ஊரான அமசேயாவைச் சொல்லுமிடத்து, ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஐரிஸ் நதி ஓட, அதன் மேலே செங்குத்தாக எழும் பாறையும், இயற்கையே கட்டிய கோபுரங்கள்போல் நிற்கும் இரண்டு சிகரங்களும், அரசர்களின் கல்லறைகளும், முற்றுகைக் காலத்தில் நீர் முகக்கப் பாறையைக் குடைந்து அமைத்த படிகளும் நம் கண்முன் வருகின்றன. இன்றைய துருக்கியில் அமாஸ்யா செல்வோர் அக்கல்லறைகளைப் பாறை முகத்தில் காணலாம். ஹீராபோலிஸ் நகரில் நிலத்திலுள்ள ஒரு பிளவிலிருந்து நச்சு ஆவி எழுவதைக் கேள்வியுற்றுச் சென்றவர், சிட்டுக்குருவிகளை அதனுள் எறிந்து, அவை உடனே மாண்டு விழுந்ததைக் கண்டார். அங்குள்ள கோயிற் பணியாளர் மட்டும் தீங்கின்றி உள்ளே சென்று வருவது தெய்வ பலத்தாலா என்று ஜனங்கள் வியந்து நிற்க, ஸ்ட்ராபோ அவர்களுடைய முகத்தைக் கவனித்து, அவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு திணறுவதைக் குறித்துவைத்தார். அற்புதத்தை மறுக்கவும் இல்லை, அப்படியே ஏற்கவும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, முடிவைப் படிப்பவருக்கு விட்டார்.

கி.மு. 29இல் கைரோஸ் என்னும் வறண்ட சிறு தீவில் அவர் சென்ற கப்பல் தங்கியது. செம்படவர் வாழும் ஒரு குக்கிராமமே அத்தீவில் இருந்த குடியிருப்பு. புறப்படும்போது ஒரு செம்படவன் கப்பலில் ஏறினான்; வெற்றி விழாக் கொண்டாட ரோமுக்குச் செல்லும் வழியில் கொரிந்தில் தங்கியிருந்த அகஸ்டஸிடம் ஊரார் அனுப்பிய தூதன் அவன். வருஷத்துக்கு 100 திராக்மா கட்டுவதே அரிதாயிருக்க, 150 திராக்மா கேட்கப்படுவதால் அதைக் குறைக்க வேண்டும் என்பது அவன் கொண்டுசென்ற விண்ணப்பம். உலக சாம்ராஜ்யத்தின் அதிபதியை நோக்கி ஐம்பது திராக்மாவுக்காகக் கடல் கடந்து சென்ற இந்த ஏழைத் தூதனின் செய்தி, அத்தீவின் நீள அகலங்களைக் காட்டிலும் அதன் நிலைமையை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

எகிப்து யாத்திரை இவற்றுள் தலையாயது. எகிப்தின் ரோம அதிகாரியாயிருந்த ஏலியஸ் காலஸ் அவருக்கு நண்பர். கி.மு. 25ஆம் ஆண்டையொட்டி, காலஸுடனும் அவருடைய பரிவாரத்துடனும் நைல் நதி வழியாக சையீன் நகரையும் பைலித் தீவையும் கடந்து எத்தியோப்பிய எல்லை வரை சென்றார். அலெக்ஸாந்திரியாவின் துறைமுகங்கள், பேரோஸ் தீவின் கலங்கரை விளக்கம், அறிஞர்கள் கூடியுண்ட மியூசியம் ஆகியவற்றை அவர் வருணிக்கும் பகுதியே, அந்நகரின் அமைப்பை ஆராய்வோர்க்கு இன்றளவும் முதல் ஆதாரம். அர்சினோயி நகரில் பூசாரிகள் புனித முதலையின் வாயைத் திறந்து, அப்பமும் இறைச்சியும் ஊட்டி, தேன் கலந்த பானத்தை ஊற்றியதை நேரிற் கண்டெழுதினார். மெம்னான் சிலை விடியற்காலையில் ஒலியெழுப்பும் என்னும் புகழ் கேட்டுச் சென்றபோது அவரும் அவ்வொலியைக் கேட்டார். ஆனால் அது பீடத்திலிருந்து வந்ததா, சிலையிலிருந்து வந்ததா, சுற்றி நின்றவர்களுள் ஒருவர் செய்ததா என்று உறுதி கூற இயலாதென்றும், கற்கள் அவ்வாறு ஒலித்தன என்பதை நம்புவதைவிட வேறெதையும் நம்பலாம் என்றும் எழுதினார். பிரமிடுகளின் அருகே பயறு வடிவில் சிதறிக் கிடந்த கற்களை, கட்டிய தொழிலாளர் உண்டு மிஞ்சிய உணவு கல்லானது என்று அங்குள்ளோர் சொன்னபோது, தம் சொந்த நாட்டுச் சமவெளியிலும் அத்தகைய கற்கள் கொண்ட குன்று உண்டென நினைவுகூர்ந்து ஐயுற்றார். கடல்வாழ் நுண்ணுயிரிகளின் எச்சமே அக்கற்கள் என்பதை இன்றைய நிலவியலார் அறிவர்.

மெம்பிஸ் நகரை அடுத்த செராபியக் கோயில் வழியில், ஸ்பிங்ஸ் உருவங்கள் சில தலைவரையிலும் சில பாதி வரையிலும் மணலில் புதைந்திருந்ததை அவர் ஓரிரு வாக்கியங்களில் குறித்திருந்தார். 1850இல் சக்காரா மணலில் ஒரு ஸ்பிங்ஸின் தலை வெளிப்பட்டிருக்கக் கண்ட பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் மரியெட், இவ்வாக்கியங்களை நினைவுகூர்ந்தே தோண்டத் தொடங்கி, மறைந்துபோன செராபியத்தை வெளிப்படுத்தினார். கண்ணாற் கண்டு எழுதியது எத்துணை நூற்றாண்டுகள் கடந்தும் உயிரோடிருக்கும் என்பதற்கு இது தக்க சான்று.

கேள்வியின் மேன்மை

கண்ணின் சாட்சியத்தால் இவ்வளவு சிறந்து விளங்கிய ஸ்ட்ராபோ, கொள்கையளவில் கண்ணைவிடக் காதையே மேலானதாக வைத்தார் என்பது வியப்புக்குரியது. நேரிற் கண்டவர் மட்டுமே அறிந்தவர் என்போர், கேள்வியாகிய பிரமாணத்தை அழித்துவிடுகின்றனர் என்றும், சாஸ்திரத்துக்குக் கண்ணைக் காட்டிலும் கேள்வியே முக்கியமானது என்றும் அவர் வாதிக்கிறார். நிறம், வடிவம், மணம், சுவை ஆகியவற்றைப் பொறிகள் தனித்தனியே தர, அவற்றைச் சேர்த்து ஆப்பிள் என்ற கருத்தைப் புத்தி உண்டாக்கிக்கொள்வதுபோல், வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு மனிதர் கண்டவற்றை ஒன்றுசேர்த்து உலகம் என்னும் முழு உருவை அமைப்பவனே பூகோள ஆசிரியன். சேனாபதி எல்லா இடத்திலும் தானே நிற்பதில்லை, தூதர் சொல் கேட்டே பெரும்பாலும் படை நடத்துகிறான் என்பதும் அவர் காட்டும் உதாரணம்.

ஆகவே தம் நூலை அவர் ஒரு மாபெரும் சிலைக்கு ஒப்பிடுகிறார். பெருஞ்சிலையில் ஒவ்வோர் உறுப்பின் நுண்மையையும் யாரும் பார்ப்பதில்லை. முழு உருவமும் நன்கமைந்ததா என்பதே கேள்வி. இந்த நோக்கத்தோடு முதலிரண்டு பாகங்களில் முந்தையோர் கொள்கைகளை ஆராய்கிறார். பூமி உருண்டையானது, அதன் சுற்றளவு, முந்தைய பூகோள அறிஞராகிய எரதோஸ்தனிஸ் கணித்தபடி, 252,000 ஸ்டேடியம் (கிரேக்கர் தூரத்தை அளந்த அலகு), மனிதர் வாழும் நிலப்பரப்பு, 70,000 ஸ்டேடியம் நீளமும் 30,000க்கும் குறைந்த அகலமும் உடையதாய், கிரேக்கர் போர்த்தும் மேலாடையின் வடிவினது. இதைக் காட்டக் குறைந்தது பத்தடி விட்டமுள்ள கோளம் செய்ய வேண்டும், இயலாவிடில் ஏழடிக்குக் குறையாத தட்டையான படம் வரையலாம் என்கிறார். இதே மித மண்டலத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், நாம் அறியாத வேறு மனித உலகங்களும் இருக்கக்கூடும் என்று அவர் அனுமானித்த பகுதி, பிற்காலத்தில் அமெரிக்காவின் கதையறிந்தோரை மிகவும் ஈர்த்தது.

பூமியின் மாறுதல்களைப் பற்றிய அவர் சிந்தனைகளும் கவனிக்கத் தக்கவை. கடலுக்கு வெகுதூரத்திலுள்ள நிலத்தில் சிப்பிகள் கிடப்பதற்குக் காரணம், கடற்படுகை உயர்ந்தும் தாழ்ந்தும் வருவதே எனத் துணிந்தார். வெசூவியஸ் மலையின் உச்சியில் சாம்பல் நிறமுள்ள, தீயால் தின்னப்பட்டவைபோன்ற பாறைகளைக் கொண்டு, அது முற்காலத்தில் எரிந்து அவிந்த மலை என்று எழுதினார். அவர் காலமாகிச் சுமார் ஐம்பது ஆண்டுகள் சென்று, கி.பி. 79இல், அம்மலை மீண்டும் எரிந்து பாம்பேயி நகரைப் புதைத்தது.

ஆளுவோருக்கான சாஸ்திரம்

இப்பெரு நூல் யாருக்காக எழுதப்பட்டது? ஸ்ட்ராபோவின் விடை தெளிவானது: பூகோளம் பெரும்பாலும் அரசியல் தேவைக்குரியது, நாடுகளைச் சேர்த்து ஆளும் பெரியோர்க்கு உதவுவது. ஆதலால் ஒவ்வொரு தேசத்திலும் எது விளைகிறது, எது ஏற்றுமதியாகிறது, எக்குடிகள் அடங்கியவை, எவை அடங்காதவை என்பதையே அவர் முதன்மையாகக் கவனித்தார். ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் நகரருகிலுள்ள வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்து, நாளொன்றுக்கு 25,000 திராக்மா ரோமருக்கு ஈட்டித் தந்தனர் என்னும் பாலிபியஸின் கணக்கை எடுத்தெழுதுகிறார். பிரிட்டனிலிருந்து தானியம், கால்நடை, பொன், வெள்ளி, இரும்பு, தோல், அடிமைகள், வேட்டைநாய்கள் வருகின்றன என்று பட்டியலிட்டு, அத்தீவைப் பிடித்துக் காக்கும் சேனைச் செலவு அதனால் வரும் திறையை விழுங்கிவிடும் என்றும் கணக்குப் பார்க்கிறார். இறுதிப் பாகத்தின் முடிவுரையே, சாம்ராஜ்யத்தின் மாகாணங்கள் அகஸ்டஸுக்கும் செனட் சபைக்கும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை விளக்குவதாக அமைந்துள்ளது.

நூல் எழுதிய காலத்தை அறிய, அதனுள்ளே தக்க குறிப்புகள் உண்டு. ஆல்ப்ஸ் மலைக் குடிகள் அடங்கி 33 ஆண்டுகளாயின என்னும் வாக்கியத்தால், நான்காம் பாகம் கி.பி. 18ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது என அறிகிறோம். கி.பி. 17இல் சார்டிஸ் நகரைச் சிதைத்த பூகம்பமும், கி.பி. 23இல் நிகழ்ந்த மௌரித்தேனிய மன்னன் ஜூபாவின் மரணமும் நூலில் இடம்பெறுகின்றன. யாத்திரைகள் இளமையில், எழுத்து எண்பதைக் கடந்த முதுமையில். இடைப்பட்ட காலத்தில் கண்ட காட்சிகளும் படித்த ஏடுகளும் ஒன்றோடொன்று கலந்தே இந்நூலாக உருப்பெற்றன.

தராசு தவறிய இடங்கள்

கேள்வியைப் பிரமாணமாகக் கொள்கிறவர், எச்சாட்சியை நம்புவது என்னும் வினாவுக்கு முதலில் விடை காண வேண்டும். நம் ஆசிரியர் இங்கே ஒரு நீதிபதியைப்போல் அமர்ந்து சாட்சிகளை விசாரிக்கிறார்; ஆனால் சாட்சி கூறும் பொருளை நிறுப்பதற்குமுன் சாட்சியின் அந்தஸ்தை நிறுத்துவிடுகிறார். அவர் தவறிய இடங்கள் பலவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்குங்கால் இவ்வுண்மை புலனாகும்.

மஸ்ஸாலியா நகரத்துப் பிதியாஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனைச் சுற்றி வந்து, அதற்கு வடக்கே ஆறு நாள் பயணத்திலுள்ள துலே என்னும் நாட்டைப் பற்றியும், உறைந்த கடலைப் பற்றியும், கோடையில் இரவு மிகக் குறுகுவது பற்றியும் எழுதினார். ஸ்ட்ராபோ அவரைப் பொய்யர்களின் தலைவராகவே கருதினார். அரசுப் பதவியற்ற ஓர் ஏழை இத்தனை தூரம் எவ்வாறு பயணம் செய்திருக்க இயலும் என்பது பாலிபியஸ் எழுப்பிய ஆட்சேபம். அதை ஸ்ட்ராபோ எடுத்தாளுகிறார். வடகோடியில் வெயிலின்மையால் கதிர்களைக் கூரையுள்ள களத்தில் அடிப்பர், தானியத்தாலும் தேனாலும் பானம் செய்வர் என்று பிதியாஸ் சொன்னவை வானநிலைக்குப் பொருந்துவதை ஓரிடத்தில் ஒப்புக்கொண்டும், தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று பிதியாஸின் கூற்றில் பெரும்பகுதி உண்மையென்றே அறிஞர் கொள்கின்றனர்.

காஸ்பியன் கடல் விஷயத்தில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். அது நான்கு புறமும் நிலம் சூழ்ந்த தனிக் கடல் என்று ஹெரோடோட்டஸ் நெடுங்காலத்துக்கு முன்னரே சரியாகக் கூறியிருந்தார்; ஆனால் ஸ்ட்ராபோ அவரைக் கதை சொல்லுபவர் என்று ஒதுக்கினார். செலூக்கிய மன்னர்களின் உயர் அதிகாரியாகிய பாட்ரோக்ளிஸ், அது வடக்குச் சமுத்திரத்தின் வளைகுடா என்றும், இந்தியாவிலிருந்து அதற்குக் கப்பல் மூலம் வந்துவிடலாம் என்றும் எழுதியதை நம்பினார். மன்னர்கள் இத்தகைய பொறுப்பை ஒப்படைத்த மனிதர் என்பதையே அவருடைய நம்பகத்துக்கு ஒரு காரணமாகக் காட்டினார். ஏழையின் உண்மை தள்ளப்பட, அதிகாரியின் பிழை ஏற்கப்பட்டது.

நண்பர் காலஸின் அரேபியப் படையெடுப்பைப் பற்றிய பகுதியிலும் இதுவே நிகழ்ந்தது. ஏறக்குறைய 10,000 காலாட்படையினருடன் தொடங்கிய அப்படையெடுப்பு, போரில் ஏழு பேரையே இழந்தும், பசியாலும் தாகத்தாலும் நோயாலும் பாழானது; ஆறு மாதம் சென்ற வழியை அறுபது நாளில் திரும்ப முடிந்தது. இதற்கெல்லாம் நபத்தேய மந்திரி சில்லேயஸின் துரோகமே காரணம் என்று ஸ்ட்ராபோ எழுதும்போது, நாம் கேட்பது தோற்றுத் திரும்பிய சேனாபதியின் வாக்குமூலத்தையே. கடற்போரே இல்லாத இடத்தில் 80 போர்க்கப்பல்களைக் கட்டி வீணாக்கியது காலஸின் முதற் பிழை என்று அவரே குறித்திருந்தும், நண்பர்மேல் பழி விழாதபடி கதையை நடத்திச்செல்கிறார்.

சொந்த நாட்டாராகிய கிரேக்கரின் பூமியை எழுதும்போது, ஹோமர் என்னும் மகாகவியின் அந்தஸ்தே தராசின் ஒரு தட்டை அழுத்திவிட்டது. பூகோள சாஸ்திரத்தின் ஆதி கர்த்தா ஹோமரே என்பது அவர் சித்தாந்தம். கவியின் நோக்கம் களிப்பூட்டுவதேயன்றிக் கற்பிப்பதன்று என்ற எரதோஸ்தனிஸை அவர் நீளமாக மறுக்கிறார். கிரீஸைப் பற்றிய மூன்று பாகங்களும் இதனால் அந்நாட்டின் வருணனையாக அமைவதினும், ஹோமர் பாடிய ஊர்களைக் குறித்த உரையாகவே பெரிதும் அமைந்தன. மைசீனி நகரின் சுவடுகூட இப்போது இல்லை என்று எழுதினார். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அங்கே சென்ற கிரேக்கப் பிரயாணி பாஸேனியஸ், சிங்கங்கள் நிற்கும் வாயிலையும் மதிலையும் கண்டார். கிரீஸில் கொரிந்து போன்ற சில இடங்கள் நீங்கலாக ஸ்ட்ராபோ அதிகம் சுற்றவில்லை என்பதற்கு இவ்வொரு வாக்கியமே போதும். டிராய் நகரம் தம் காலத்து இலியம் நின்ற இடத்தில் இருந்திருக்க இயலாது என்று ஸ்கெப்ஸிஸ் நகரத்து டெமெட்ரியஸ் என்னும் பண்டிதரைப் பின்பற்றி அவர் முடிவு செய்தார். அந்த இடத்திலேயேதான், ஹிஸர்லிக் மேட்டில், 1870 முதல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஷ்லீமன் டிராயைத் தோண்டினார்.

இந்தியாவும் தென்கடலும்

தென்னாட்டினராகிய நமக்கு நெருங்கிய பகுதி பதினைந்தாம் பாகம். இந்தியா வெகு தூரத்திலுள்ளது, நம்மவருள் அதைக் கண்டவர் சிலரே, அவர்களும் சிற்சில பகுதிகளையே கண்டனர், ஒரே படையோடு சென்றவர்களே முரண்படப் பேசுகின்றனர் என்று படிப்போரின் பொறுமையை வேண்டிக்கொண்டே அதைத் தொடங்குகிறார். அதன்பின் அவர் தருவன, அலெக்ஸாந்தருடன் வந்த நியார்க்கஸ், அரிஸ்டோபுலஸ், ஒனெஸிக்ரிட்டஸ் ஆகியோரின் கூற்றுகளும், சந்திரகுப்தனின் அவைக்கு வந்த மெகஸ்தனிஸின் கூற்றுகளுமே. பாடலிபுத்திரம் 80 ஸ்டேடியம் நீளமும் 15 ஸ்டேடியம் அகலமும் உடையது, மரத்தாலாகிய மதில் சூழ்ந்தது என்பதும், ஜனங்கள் ஏழு வகுப்பினர் என்பதும், மரத்தில் கம்பளி காய்க்கும் என்பதும், தேனீ இல்லாமலே நாணல் தேன் தரும் என்பதும் இவ்வழி வந்த செய்திகள். தங்கள் காதுகளையே போர்வையாக்கி உறங்கும் மனிதரையும், பொன் தோண்டும் எறும்புகளையும் எழுதியதற்காக மெகஸ்தனிஸைப் பொய்யர் வரிசையில் சேர்க்கிறார். ஆயினும் அவரை விட்டு ஓர் அடியும் நகர முடியவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சாட்சியாயினும் அரசனின் தூதன் என்பதே அதற்குக் காரணம்.

இதே காலத்தில் புதிய சாட்சிகள் வாயிலில் வந்து நின்றனர். செங்கடலின் மியோஸ் ஹோர்மஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் செல்கின்றன என்று, காலஸுடன் நைல் நதியிற் சென்றபோது தாம் அறிந்ததாக ஸ்ட்ராபோவே எழுதுகிறார். டாலமி மன்னர் காலத்தில் இருபது கப்பல்கள்கூட அத்திசையில் துணிந்து செல்லவில்லை என்றும் ஒப்பிடுகிறார். ஆயினும், எகிப்திலிருந்து சென்றுவரும் வணிகர், பதவியற்ற சாமானியர் என்றும், அவர்களால் தேசங்களின் வரலாற்றுக்குப் பயனில்லை என்றும் சொல்லி அவர்களைக் கேளாமலே விடுத்தார். கைரோஸ் தீவின் செம்படவன் நேரே எதிர்ப்பட்டபோது அவன் கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொண்ட அதே மனிதர், கூட்டமாக நின்ற வணிகரை விசாரிக்கவில்லை. இந்தியாவிலிருந்து அகஸ்டஸிடம் தூது அனுப்பிய அரசர் பாண்டியன் என்பாரும் போரஸ் என்பாரும் உளர் என்று இரு பெயர்களை வைத்து அவர் ஐயுறுகிறார். அண்டியோக் அருகே இந்தியத் தூதரைச் சந்தித்த டமாஸ்கஸ் நிக்கோலஸின் எழுத்தை மட்டும் விரிவாக எடுத்தாளுகிறார். நிக்கோலஸ் ஹெரோது மன்னனின் அவைப் புலவர். தாப்ரபேன் என்ற ஈழத்தைப் பற்றியும், இந்தியத் தென்முனையிலிருந்து ஏழு நாள் கடற்பயணத்தில் உள்ளது, தந்தமும் ஆமையோடும் தருவது என்பன போன்ற பழங்குறிப்புகளையே அவரால் தர முடிந்தது.

ஸ்ட்ராபோ மறைந்து ஒரு தலைமுறைக்குள், எகிப்தில் வாழ்ந்த பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர், அணியின்றி எளிய நடையில் செங்கடல் வழிப்பயண நூல் ஒன்றை எழுதினார். முசிறி, நெல்சிண்டா, குமரி முதலிய துறைகளும், அங்கு வாங்கத் தக்க மிளகும் முத்தும், பருவக்காற்றை நோக்கிப் புறப்பட வேண்டிய மாதங்களும் அதில் உள்ளன. மியோஸ் ஹோர்மஸ் இருந்ததாக அறியப்பட்டுள்ள குசைர் அல்-கதீம் என்னுமிடத்தில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கணிக்கப்படும், தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகளும் அகழ்வில் கிடைத்தன. யாரைக் கேட்கத் தகாதவரென்று ஸ்ட்ராபோ தள்ளினாரோ, அவர்களே தென்கடலின் உண்மையான பூகோளத்தை அறிந்திருந்தனர்.

நூலின் பயணம்

ஆளுவோருக்கென எழுதிய நூலை ஆளுவோர் உடனே படித்ததற்குச் சான்று இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் பெருந்தொகை நூல் இயற்றிய பிளினி, தாம் பார்த்த ஆசிரியர்களை வரிசையாகக் கூறியும் ஸ்ட்ராபோவைப் பெயர் சொல்லவில்லை. யூதச் சரித்திராசிரியர் ஜோசீபஸ் போன்றோர் அவருடைய சரித்திரத்தையே எடுத்தாண்டனர். பின்னர், சரித்திரம் அழிந்து பூகோளம் பிழைத்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ப்ளாரன்ஸ் மகாசபைக்கு வந்த பைசாந்திய அறிஞர் பிளெதோன் இத்தாலியருக்கு இந்நூலின்பால் ஆர்வமூட்டினார். வெரோனா நகரத்து குவாரினோ 1458இல் லத்தீனில் மொழிபெயர்த்து முடித்தார். அது 1469இல் ரோமில் அச்சேறியது. கிரேக்க மூலம் 1516இல் வெனிஸில் வெளிவந்தது. நெப்போலியனின் ஆணையால் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் தோன்றியது. ஆளுவோருக்காக எழுதிய நூல் அவ்வாறு ஓர் ஆட்சியாளனின் கையை அடைந்தது.

முடிவு

கண்டெழுதிய இடங்களில் ஸ்ட்ராபோவை நாம் தயக்கமின்றி நம்பலாம். கேட்டெழுதிய இடங்களில், சொன்னவர் யார், எந்த நிலையினர் என்று வினாவிய பின்னரே கொள்ளல் வேண்டும். சாட்சியின் பதவியைக் கொண்டு சாட்சியத்தை மதித்தது அவருடைய பெருங்குறை. பிதியாஸையும் வணிகரையும் ஒரே காரணத்தால் இழந்து, வடக்கு தெற்கு ஆகிய இரு கோடியிலும் உலகத்தைக் குறுக்கிக்கொண்டார்.

ஆயினும், தள்ளுவதற்கு முன் அவர் ஒவ்வொருவருடைய கூற்றையும் விவரமாக எடுத்தெழுதினார் என்பதை மறக்கலாகாது. எரதோஸ்தனிஸின் பூகோளமும், வானியலறிஞர் ஹிப்பார்க்கஸ் அதற்கெழுதிய மறுப்பும், பிதியாஸின் சமுத்திர நூலும், மெகஸ்தனிஸின் இந்திய நூலும் இன்று இல்லை. அவற்றைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு, அவற்றை எதிர்த்து இம்மனிதர் எழுதிய பக்கங்களிலிருந்தே கிடைக்கிறது. தவறான தீர்ப்புக் கூறிய நீதிபதியாயினும் வாக்குமூலங்களை ஒளிக்காமல் பதிவு செய்ததால், பின்வந்த நூற்றாண்டுகள் அப்பதிவைக் கொண்டே மேல்விசாரணை நடத்தித் தீர்ப்பைத் திருத்த முடிந்தது. தாம் ஒப்புக்கொள்ளாத கருத்தையும் அதன் காரணங்களோடு எழுதிவைக்கும் இந்த நேர்மைக்காகவே, அவருடைய முடிவுகள் பல காலாவதியான பின்னரும், பூகோளம் பயில்வோர் அவரைத் தம் ஆசிரியராகக் கொள்ளுதல் தகும்.